ஒரு நாள்தான் இருக்கிறது: கியூவா, சிசிங்ஹர்ஸ்டா, டிக்ஸ்டரா?

அம்மா ஜூன் 20 அன்று ஹீத்ரோவில் இறங்குகிறாள், ஜூலை 30 அன்று திரும்புகிறாள். நாற்பது நாள் என்றால் கேட்பதற்கு நிறைய இருப்பதுபோலத்தான் இருக்கிறது. ஈஸ்ட் ஹாமில் சித்தி வீடு, லெஸ்டரில் ஒரு கல்யாணம், மகனின் பள்ளி விளையாட்டு விழா, நடுவே நான் வேலைக்குப் போயே ஆகவேண்டிய நாட்கள் எல்லாவற்றையும் கழித்தால், வெளியூர்த் தோட்டம் ஒன்றைப் பார்க்க முழுதாகக் கிடைப்பது ஒரே ஒரு நாள். லீவு வாங்கிவிட்டேன். எந்தத் தேதிக்கு என்றுதான் ஆபீஸில் இன்னும் சொல்லவில்லை.

அம்மா நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டத்துக்குள்ளேயே வளர்ந்தவள். பூ என்றால் அவளுக்குக் கிலோக் கணக்கு. விடியற்காலையில் மொட்டாகப் பறித்து, ஈரத்துணி போர்த்தி, மார்க்கெட்டுக்கு அனுப்பினால்தான் காசு. செடியிலேயே விரிந்துவிட்டால் நஷ்டம். அப்படிப்பட்டவள் மூன்று வருஷமாக, “அந்த ஊர்ல பெரிய தோட்டம் ஒண்ணு இருக்காமே, அதைப் பாக்கணும்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எந்தத் தோட்டம் என்று கேட்டால் பெயர் தெரியாது. டிவியில் பார்த்தாளாம். செங்கல் சுவர் இருந்ததாம், நடுவில் கோபுரம் இருந்ததாம், ஒரு பக்கம் முழுக்க வெள்ளைப் பூவாகவே இருந்ததாம்.

அது எது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உடனே டிக்கெட் போடவில்லை. காரணம், ஒரு பழைய சூடு.

இந்த நாட்டுக்கு வந்த இரண்டாம் வருஷம், ஆகஸ்ட் முதல் வாரத்தில், ரோஜாவுக்குப் பேர்போன ஒரு தோட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் காரில் போனோம். பெயர் வேண்டாம், தப்பு எங்களுடையதுதான். டிக்கெட் கொடுத்த பெண்மணி எங்கள் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்துவிட்டு, “லாவெண்டர் இன்னும் கொஞ்சம் இருக்கிறது” என்றார். ரோஜாவைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. உள்ளே போனதும் புரிந்தது. பழைய காலத்து ரோஜா வகைகளில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். ஜூனில் மூன்று வாரம், மிஞ்சினால் நான்கு. அப்புறம் அடுத்த ஜூன்தான். நாங்கள் பார்த்தது முள்ளும் இலையும் காயும்.

அன்றிலிருந்து எந்தத் தோட்டம் என்று யாராவது கேட்டால், எந்தத் தேதி என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். மதுரைக்குப் போகிறவர் சித்திரைத் திருவிழாவா, சாதாரண நாளா என்று பார்க்காமல் ரயில் டிக்கெட் எடுப்பாரா? அதே கணக்குதான். இங்கே தோட்டங்களின் புகழ் வருஷம் முழுக்க இருக்கும். அந்தப் புகழுக்குக் காரணமான பூ சில வாரம்தான் இருக்கும்.

எங்களுக்கு அமையக்கூடியது ஜூன் கடைசி வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரத்துக்குள் ஒரு நாள். அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு, வலது முழங்காலில் தேய்மானம். சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பாள், படி என்றால் யோசிப்பாள். நாங்கள் இருப்பது க்ராய்டனில். இவற்றை வைத்துக்கொண்டுதான் கீழே உள்ளதெல்லாம். உங்கள் தேதியும் உங்கள் முழங்காலும் வேறாக இருந்தால் விடையும் வேறாகலாம்.

முதலில் பட்டியலிலிருந்து வெளியே போனவை. குளோஸ்டர்ஷயரில் இருக்கும் ஹிட்கோட் அருமையான தோட்டம். லாரன்ஸ் ஜான்ஸ்டன் என்பவர் உருவாக்கியது, பழைய மாளிகைகளையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கைக்கு 1948இல் வந்தது. ஒரு மாளிகைக்காக அல்லாமல் தோட்டத்துக்காகவே டிரஸ்ட் எடுத்துக்கொண்ட முதல் இடம் அது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து போகவே இரண்டரை மணி நேரம், வர அதே அளவு. அம்மாவின் முழங்கால் காரிலேயே இறுகிவிடும். ஹாம்ப்ஷயரின் மோட்டிஸ்ஃபான்ட்டில் 1900க்கு முந்தைய ரோஜா வகைகளின் பெரும் தொகுப்பு இருக்கிறது. கிரஹாம் ஸ்டூவர்ட் தாமஸ் 1970களில் சுவர் சூழ்ந்த பழைய காய்கறித் தோட்டத்துக்குள் அமைத்தது. ஜூன் நடுவில் வருபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகலாம். அம்மா விமானம் ஏறும்போதே அதன் உச்சம் கடந்திருக்கும். வில்ட்ஷயரின் ஸ்டவர்ஹெட் ஏரியும் மரமும் சேர்ந்த இடம்; அதற்கு இலை நிறம் மாறும் அக்டோபர்தான் சரி.

மிஞ்சியவை நான்கு: விஸ்லி, கியூ, சிசிங்ஹர்ஸ்ட், கிரேட் டிக்ஸ்டர்.

விஸ்லியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் தலைமைத் தோட்டம், சர்ரேயில் இருக்கிறது. 1903இல் சர் தாமஸ் ஹான்பரி வாங்கிக் கொடுத்த நிலம். எங்களுக்கு முக்கால் மணி நேரப் பயணம். பாதைகள் அகலம், உட்கார பெஞ்சு ஏராளம், கழிப்பறை சுத்தம், கஃபே ஒன்றுக்கு மேல். ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை. வீட்டில் தோட்டம் போடுகிறவருக்கு இதைவிட உபயோகமான இடம் கிடையாது. ஒரே வகைப் பூவில் இருபது முப்பது ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டுச் சோதித்துப் பார்க்கும் பாத்திகளே அங்கே உண்டு. ஆனால் விவசாயப் பல்கலைக்கழகத்தின் செய்முறைத் தோட்டத்துக்குப் போய்வந்த திருப்திதான் எனக்கு அங்கே கிடைக்கும். கற்றுக்கொள்ளலாம், வரும்போது நாற்று வாங்கிக்கொண்டு வரலாம். மூன்று வருஷம் காத்திருந்த ஒருத்தியை அங்கே கொண்டுபோய் நிறுத்தத் தோன்றவில்லை. முழங்கால் மட்டும் முடிவெடுப்பதாக இருந்தால் விஸ்லிக்குத்தான் ஓட்டு.

கியூ விஷயம் அப்படிச் சுருங்காது. 1759இல் தொடங்கிய தோட்டம், 2003இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது, சுமார் 330 ஏக்கர். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் கியூ கார்டன்ஸ் ஸ்டேஷன், இறங்கி நடக்கும் தூரம்தான். கோடையில் டிக்கெட் ஆளுக்கு இருபது பவுண்டைத் தாண்டும் என்பது தவிர, குறை சொல்ல எதுவும் இல்லை. நமக்கும் அதற்கும் நிஜமாகவே ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவை 1848இலிருந்து உருவாக்கிய மெக்கைவர், கியூவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நீலகிரியில் சின்கோனா பயிரானதற்கும், 1876இல் இலங்கைக்கு ரப்பர்க் கன்றுகள் போய்ச் சேர்ந்ததற்கும் பின்னால் கியூதான் இருந்தது. மலையகத்து ரப்பர்த் தோட்டங்களில் வேலை பார்த்த குடும்பங்களின் கதை இந்தத் தேம்ஸ் கரைக் கண்ணாடி அறைகளில் முளைவிட்ட விதைகளிலிருந்து தொடங்குகிறது என்று நினைத்துப் பார்த்தால், புல்வெளியில் ஐஸ்கிரீம் சாப்பிடும்போது கொஞ்சம் தொண்டையில் நிற்கும்.

1848இல் கட்டி முடித்த பாம் ஹவுஸ் என்னும் இரும்புக் கண்ணாடி மாளிகைக்குள் நுழைந்தால் மூக்குக் கண்ணாடி மங்கிவிடும். அத்தனை ஈரம், அத்தனை சூடு. அம்மாவுக்கு லண்டனில் வீட்டு ஞாபகம் வந்தால் பத்து நிமிஷம் நிற்க வைக்கலாம். 1775இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சைகட் (பனைபோலத் தோன்றும் பழங்காலச் செடி வகை) ஒன்று இன்னும் தொட்டியில் இருக்கிறது. 250 வருஷம் ஒரு தொட்டிச் செடியைச் சாகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் துளசியை ஒரு குளிர்காலம் தாண்டவைக்கத் திணறுகிறேன். பக்கத்திலேயே 1852இல் கட்டிய அல்லிக் குளத்து வீடு, கோடையில் மட்டும் திறப்பார்கள். மூன்று மீட்டர் அகலத்துக்கு இலைவிடும் ராட்சத அல்லி. அதில் ஒரு வகை 177 வருஷம் கியூவின் உலர்தாவரக் கிடங்கில் வேறு பெயரில் கிடந்து, 2022இல்தான் தனி இனம் என்று கண்டுபிடிக்கப்பட்டது. இந்தக் கண்ணாடி வீடுகளைப் பெரிய சீரமைப்புக்காகச் சில வருஷம் மூடப்போவதாக கியூ அறிவித்திருக்கிறது. அதனால் போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. மழை வந்தால் ஒதுங்க மேரியன் நார்த் கூடம் இருக்கிறது. விக்டோரியா காலத்தில் தனியாகவே உலகம் சுற்றி, இலங்கையிலும் இந்தியாவிலும்கூடத் தங்கிச் செடிகொடிகளை வரைந்த பெண்மணி அவர். 1882இல் திறந்த அந்தக் கூடத்தில் சுவரே தெரியாமல் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள்.

இவ்வளவு இருந்தும் கியூவை இந்த ஒரு நாளுக்கு நான் எடுக்கவில்லை. அது தேதிக்குக் கட்டுப்படாத இடம். ஜூலையில் போனாலும் நன்றாக இருக்கும், நவம்பரில் போனாலும் நன்றாக இருக்கும். லீவே வேண்டாம், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரயிலேறிப் போய் அரைத் தோட்டம் பார்த்துவிட்டு வரலாம். கைவசம் இருக்கும் ஒரே லீவு நாளை, எப்போது வேண்டுமானாலும் போகக்கூடிய இடத்துக்குச் செலவழிப்பது எனக்குக் கணக்காகப் படவில்லை. ஆனால் இந்தியாவிலிருந்து பத்து நாள் பயணமாக வந்து, லண்டனை விட்டு வெளியே போக வழியில்லாதவர்கள் மற்ற மூன்றையும் மறந்துவிட்டு கியூவுக்கே போகலாம்.

ஆக நிஜமான போட்டி இரண்டுக்கு நடுவில்தான்.

சிசிங்ஹர்ஸ்ட் கென்ட்டில் இருக்கிறது. அதன் கதையை அம்மாவுக்குச் சொத்து வழக்குபோலத்தான் சொல்லப்போகிறேன். வீட்டா சாக்வில்-வெஸ்ட் என்ற எழுத்தாளர், நோல் என்ற மாபெரும் அரண்மனையில் பிறந்து வளர்ந்தவர். ஒரே பிள்ளை. ஆனால் பெண் பிள்ளை. 1928இல் அப்பா இறந்ததும் வீடு சித்தப்பாவுக்குப் போய்விட்டது. அந்த வீட்டை அவர் கடைசிவரை மறக்கவே இல்லை. 1930இல் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் அவரும் சிசிங்ஹர்ஸ்ட்டை வாங்கியபோது அங்கே இருந்தது இடிந்த எலிசபெத் காலத்துச் செங்கல் கட்டடங்களும், ஒரு கோபுரமும், குவிந்து கிடந்த குப்பையும்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் போர்க் கைதிகளை அடைத்துவைத்த இடம் அது. பறிபோன வீட்டுக்குப் பதிலாகக் கட்டிக்கொண்ட வீடு என்பது அந்தத் தோட்டத்தைப் பார்த்தாலே தெரியும்: கூரை இல்லாத அறைகள். செங்கல் சுவரும் உயரமான யூ மர வேலியும் அறை அறையாகப் பிரிக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்று தெரியாது, வாசல் தாண்டினால்தான் தெரியும். ஹெரால்ட் குச்சியும் நூலும் வைத்துக் கோடு பிடித்தார். அந்தக் கோட்டுக்குள் வீட்டா செடியை அடைத்தார், அடைத்துக்கொண்டே போனார். 1938இலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள், கட்டணம் ஒரு ஷில்லிங். வந்தவர்களை வீட்டா செல்லமாக ‘ஷில்லிங்கர்கள்’ என்கிற மாதிரி ஒரு பெயரால்தான் அழைப்பார். 1967இல் நேஷனல் டிரஸ்டிடம் போனது. அதன் உறுப்பினர்களுக்கு இன்றைக்கு டிக்கெட் தேவையில்லை. எங்களிடம் குடும்ப அட்டை இருக்கிறது, அம்மாவுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

அம்மா டிவியில் பார்த்த வெள்ளைப் பகுதி 1949-50 குளிர்காலத்தில் நட்டது. வெள்ளைப் பூ, சாம்பல் இலை, பச்சை. வேறு நிறம் கிடையாது. வெள்ளை டெல்ஃபினியம், வெள்ளை லில்லி, தொட்டால் முயல் காதுபோல மெத்தென்று இருக்கும் சாம்பல் இலைச் செடிகள். நடுவில் ஓர் இரும்புப் பந்தல். முன்பு அந்த இடத்தில் வாதுமை மரங்கள் நின்றன. அவற்றின் மேல் ஏறவிட்ட ரோஜாக்கொடி கனத்துப்போய் மரங்கள் பட்டுப்போயின, அதற்குப் பிறகுதான் இரும்பு. முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போன பாரி கதை நமக்கு இருக்கிறது. இங்கே ரோஜாவுக்கு மரத்தைக் கொடுத்துப் பார்த்துக் கட்டுப்படியாகாமல் கொல்லனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரோசா முல்லிகனீ என்பது அந்தக் கொடியின் பெயர். மற்ற ரோஜாக்கள் முடியும் நேரத்தில்தான் அது ஆரம்பிக்கும். ஜூலை முதல் இரண்டு வாரம், ஒற்றை அடுக்கு வெள்ளைப் பூ, பந்தல் இருப்பதே தெரியாமல் மூடிவிடும். வெயில் முன்கூட்டி வந்தால் ஜூன் கடைசியிலேயே விரிந்துவிடும்.

அந்த வெள்ளைத் தோட்டம் அந்தி நேரத்துக்கென்று நட்டது. இருட்டும்போது மற்ற நிறங்கள் அணைந்துபோக வெள்ளை மட்டும் மிதக்கும். ஆந்தையொன்று ஓசையில்லாமல் குறுக்கே பறக்க வேண்டும் என்பது வீட்டாவின் ஆசை. முல்லைத் திணைக்குச் சிறுபொழுது மாலை என்று படித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தியில் வெள்ளைப் பூவுக்கு என்ன ஆகும் என்று அம்மாவுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். சிக்கல் என்னவென்றால், ஜூலை தொடக்கத்தில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதைத் தாண்டும். தோட்டம் மாலை ஐந்தரை வாக்கில் மூடிவிடும். யாருக்காக, எந்த நேரத்துக்காக நட்டார்களோ அந்த நேரத்தில் டிக்கெட் வாங்கிய யாரும் உள்ளே இருக்கமாட்டோம். நல்ல மதிய வெயிலில் வெள்ளைத் தோட்டம் கண்ணைக் கூசவைக்கும், போட்டோவும் வெளுத்துப்போகும். மேகமூட்டமான நாள் அமைந்தால் அதிர்ஷ்டம். இங்கிலாந்தில் அந்த அதிர்ஷ்டத்துக்குப் பஞ்சமில்லை.

ரோஜாத் தோட்டம் ஜூலையில் இறங்குமுகமாக இருக்கும், அதை மறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் அங்கே அம்மாவுக்குக் காட்ட வேறொன்று வைத்திருக்கிறேன். நீளமாக வளர்ந்த ரோஜாத் தண்டுகளை வெட்டித் தள்ளாமல், ஹேசல் மரக் குச்சிகளை வில்லாக வளைத்துத் தரையில் ஊன்றி, அவற்றில் தண்டை வளைத்துக் கட்டியிருப்பார்கள். நிமிர்ந்து நிற்கும் தண்டு நுனியில் மட்டும் பூக்கும். அதையே படுக்கவைத்தால் நுனியின் ஆதிக்கம் போய், நெடுக உள்ள கணுவெல்லாம் துளிர்விட்டுக் கணுவுக்குக் கணு பூக்கும். மல்லிகைச் செடியைக் கவாத்து வெட்டிப் பூவை இரட்டிப்பாக்கத் தெரிந்தவள் இதைப் பார்த்தால் குனிந்து முடிச்சை ஆராயாமல் நகரமாட்டாள். பூ போனாலும் கட்டு அப்படியே இருக்கும்.

குறைகள்: பேர்போன இடம், கூட்டம் வரும். வாசல்கள் குறுகல், செங்கல் பாதை மேடு பள்ளம். சனி ஞாயிறு மத்தியானம் வெள்ளைத் தோட்டத்தில் வரிசையில் நகரவேண்டியிருக்கும். ஆனால் தோட்டம் மொத்தமே ஏறக்குறைய ஐந்து ஏக்கர்தான். கியூவின் 330 ஏக்கரோடும் விஸ்லியின் 240 ஏக்கரோடும் ஒப்பிட்டால், தேய்ந்த முழங்காலுக்கு இது வரம். கோபுரத்துக்கு 78 படி. அது அம்மாவுக்கு வேண்டாம்.

இனி கிரேட் டிக்ஸ்டர். அங்கிருந்து பன்னிரண்டு மைல்தான், கிழக்கு சசெக்ஸில் நார்த்தியம் என்ற கிராமத்தில். எனக்கு மட்டுமே என்றால் யோசிக்காமல் இங்கேதான் போவேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1910இல் லாயிட் குடும்பம் வாங்கிய பழைய மரச்சட்ட வீடு. அதைப் பழுது பார்த்து விரித்துக் கட்டியவர் எட்வின் லட்யன்ஸ், பின்னாளில் புதுதில்லியைக் கட்டிய அதே ஆள். அந்த வீட்டிலேயே 1921இல் பிறந்து 2006இல் இறக்கும்வரை தோட்டத்தைக் கலைத்துக் கலைத்து நட்டுக்கொண்டிருந்தவர் கிறிஸ்டோஃபர் லாயிட். லட்யன்ஸ் அமைத்துக் கொடுத்த ரோஜாத் தோட்டத்தை, ரோஜா ஒழுங்காக வளரவில்லை, ஒரே மண்ணில் திரும்பத் திரும்ப நட்டதில் மண் சலித்துவிட்டது என்று, 1993இல் வேரோடு பிடுங்கி எறிந்தார். கூட நின்றவர் தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் காரட். இன்றும் அந்தத் தோட்டம் அவர் பொறுப்பில்தான். ரோஜா இருந்த இடத்தில் வெப்பநாட்டுச் செடிகளை நட்டார்கள். தோட்ட உலகத்தில் அது பெரிய அமளி, கிட்டத்தட்டக் கோயில் சிலையை இடம் மாற்றியதுபோல.

அங்கே என்ன நட்டார்கள் என்பதுதான் எங்கள் வீட்டுச் சிக்கல். டாலியா, வாழை, ஆமணக்கு, கல்வாழை. போனில் அம்மாவிடம் சொன்னேன்.

“கல்வாழையா?”

“ஆமாம்மா. சிவப்புப் பூ, ஊதா இலை.”

“நம்ம கிணத்தடியில குளிக்கிற தண்ணி ஓடுமே, அங்க கெடக்குமே, அதுவா?”

“அதேதான்.”

“அதைப் பாக்கவா ஃப்ளைட்டு ஏறி வரணும்?”

நியாயமான கேள்வி. உறைபனி விழும் நாட்டில் அது கிணற்றடிச் செடி கிடையாது. இலையுதிர் காலம் முடியும்போது கிழங்கைத் தோண்டியெடுத்து உறைபனி படாமல் பாதுகாத்து, மறுபடி வெயில் வந்ததும் நடுகிற விருந்தாளி. வாழைக்குக் குளிர்காலத்தில் போர்வை சுற்றுவார்கள். சாம்பல் வானத்துக்குக் கீழே அந்தச் சிவப்பையும் ஊதாவையும் பார்க்கும்போது இந்த ஊர்க்காரர்களுக்கு வரும் பரவசம் எனக்கு இப்போது புரிகிறது, பதினொரு குளிர்காலம் பார்த்தவள் என்பதால். அம்மாவுக்கு அது புரிய வேண்டுமென்றால் முதலில் ஒரு ஜனவரியை இங்கே கழிக்க வேண்டும்.

தேதியும் உதவவில்லை. டிக்ஸ்டரின் அந்த வெப்பநாட்டுப் பகுதி ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான் முழு உருவத்துக்கு வரும். ஜூலை ஆரம்பத்தில் செடிகள் இடுப்பளவுதான். மற்ற பகுதிகள் நன்றாகவே இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஒரு பூ ஓயும்போது இன்னொன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்படி நடுவதுதான் டிக்ஸ்டரின் வித்தை. புல்வெளிகளை ஆகஸ்ட்வரை வெட்டாமல் விட்டுவைத்து, காட்டு ஆர்க்கிட் விதை உதிர்ந்த பிறகே அறுப்பார்கள். ஆனால் அம்மா கேட்டது கோபுரமும் வெள்ளைப் பூவும். ஜூலையில் அவளை டிக்ஸ்டருக்குக் கூட்டிப்போனால் என் ஆசையை அவள் பெயரில் தீர்த்துக்கொண்டதாகத்தான் ஆகும். திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் கவனிக்க; பொது விடுமுறையாக வரும் திங்கள் மட்டும் திறப்பார்கள். நான் செப்டம்பரில் ஒரு நாள் தனியாகப் போய்க்கொள்கிறேன்.

பன்னிரண்டு மைல்தானே, இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கூகுள் மேப்பில் பார்த்தால் முடியும்தான். நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் வேனில் சுற்றிக்காட்டுகிறார்களே, அந்த மாதிரி முடியும். எந்தக் கோயிலில் எந்தத் தூணைப் பார்த்தோம் என்று வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இரண்டுமே செடி நெருக்கமான தோட்டங்கள். ஒன்றைப் பார்த்து முடிக்கும்போதே கண் நிறைந்துவிடும். இரண்டாவதற்குப் போய் டீக்கடையைத்தான் தேடுவோம்.

கார் இல்லாமல் போகிறவர்களுக்கு: லண்டன் பிரிட்ஜில் ஏறி ஸ்டேபிள்ஹர்ஸ்டில் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம், அங்கிருந்து ஐந்தாறு மைல் டாக்ஸி. டாக்ஸியை முன்கூட்டிச் சொல்லிவைக்காவிட்டால் ஸ்டேஷன் வாசலில் காத்துக்கிடக்க நேரும். டிக்ஸ்டருக்கு ரயிலில் போவது இன்னும் சுற்று. ரை (Rye) என்ற ஊரின் ஸ்டேஷனில் இறங்கினால் ஏழெட்டு மைல், பஸ் குறைவு. கார் இல்லாதவர்களுக்கு கியூவை மறுபடி சிபாரிசு செய்கிறேன்.

சாப்பாடு. கஃபேயில் சைவம் கிடைக்கும், ஆனால் அது அவித்த உருளைக்கிழங்கும் சீஸும் ஸ்கோனுமாக இருக்கும். ஸ்கோனை அம்மா ஒரு வாய் கடித்துவிட்டு, “உப்பும் இல்ல, இனிப்பும் இல்ல” என்பாள் என்று இப்போதே எழுதித் தரமுடியும். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. தோட்ட அறைகளுக்குள் பிரிக்கக்கூடாது, வெளியே புல்வெளியில் பாய் விரித்துச் சாப்பிடலாம். ஜூலை என்று நம்பிக் குடையை விட்டுவிட்டுப் போக வேண்டாம். அதே நேரம் 2022 ஜூலையில் இந்த நாட்டில் 40 டிகிரியைத் தாண்டியதையும் மறக்க வேண்டாம். அந்த மாதிரி வெயில் ஒரு வாரம் அடித்தால் முல்லிகனீ நாலு நாளில் கருகிவிடும். ஆகவே தேதியை முடிவு செய்தாலும், ஒரு வாரம் முன்னால் தோட்டத்தின் இன்ஸ்டாகிராமில் பந்தல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, இரண்டு மூன்று நாள் முன்பின் தள்ளிக்கொள்ள ஆபீஸில் சொல்லிவைக்கப்போகிறேன். நான் சொல்லப்போகிற தேதி ஜூலை முதல் வாரத்தில் ஒரு வியாழன். வார நாள், பள்ளி விடுமுறை இன்னும் தொடங்காத சமயம். திறந்தவுடன் நுழைந்து, மற்றவர்கள் கோபுரப் படியேறும்போது நேராக வெள்ளைத் தோட்டத்துக்குப் போய்விடுவதாகத் திட்டம்.

நேற்று இரவு அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி, பந்தலின் படம் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பினேன். படம் போய்ச் சேர்ந்து, அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளும்வரை போனில் காத்திருந்தேன்.

“ஏண்டி, இது ஒரே கொடியிலயா இவ்வளவு பூ?”

“ஒரே பந்தல்தான்.”

“ஆறு ஏழு கிலோ தேறும் போலயே. யாரு பறிப்பாங்க?”

“யாரும் பறிக்கமாட்டாங்கம்மா. பறிக்கக்கூடாது.”

“அப்ப அத்தனையும்?”

“அப்படியே உதிர்ந்துடும்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் யாரோ மோட்டார் போடும் சத்தம் கேட்டது.

“சரி, டிக்கெட்டப் போடு,” என்றாள். “வந்து பாக்குறேன்.”